ஒன்பதாவது டிஸ்கெட்

தஞ்சோங் கிளிங்,
மலாக்கா.
18.8.1995

அன்பு மகன் கவிநேசனுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் அப்பாவும் தங்கச்சி நிர்மலாவும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், கிளாஸ்கோவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை விளக்கின் முன் நின்று கேட்டுக்கொண்டேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆற அமரப் படி. போன மாதம் கப்பல் தபாலில் நான் அனுப்பிய பொட்டலத்தில் நார்த்தங்காய் ஊறுகாயும், மஞ்சள் துணியில் முடிந்த விபூதியும், ஒரு கறுப்பு டிஸ்கெட்டும் இருக்கும். அந்த டிஸ்கெட்டை எந்தக் கம்ப்யூட்டரிலும் போடாதே ஐயா, யாருக்கும் கொடுக்கவும் கொடுக்காதே. உனக்குப் போன் செய்தோம், நீ வேலையாக வடக்கே போயிருப்பதாகவும் மாதக் கடைசியில்தான் திரும்புவாய் என்றும் உன் அறையில் இருக்கும் பையன் சொன்னான். நிர்மலா ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னதற்குச் சிரித்தானாம், அவனை நம்பி நான் எப்படி இருக்க. பொட்டலத்தை நடுக்கடலில் நிறுத்தித் திருப்ப முடியாது, ஆனால் விமானத் தபால் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள், அதனால்தான் இந்த அவசரக் கடிதம்.

நடந்தது இதுதான். கோலா சுங்கை பாரு பாக்கியலட்சுமி அக்கா சித்திரைத் திருவிழாவில் ஒரு டிஸ்கெட் கொடுத்தார், அவருக்குத் தபாலில் இலவசமாக வந்ததாம், ஜாதகப் பொருத்தம் பார்ப்பதாம். அதோடு ஒரு துண்டுக் காகிதம், இதை ஒன்பது குடும்பத்துக்குக் கொடுத்தால் வீட்டில் மங்கல காரியம் நடக்கும், அலட்சியம் செய்தால் தடை வரும் என்று அச்சடித்திருந்தது. நம் கோயில் வாசலில் கொடுப்பார்களே, நகல் எடுத்துப் பலருக்குக் கொடு என்று சாமி பெயர் போட்ட துண்டுக் காகிதம், அதே மாதிரி. உனக்குப் பெண் பார்க்கும் நேரத்தில் தடை என்ற வார்த்தையைப் படித்துவிட்டு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நிர்மலா அன்றைக்கே சொன்னாள், யாரு செஞ்சதுன்னே தெரியலம்மா, ஒருத்தன் சும்மா தூக்கிக் குடுக்கிறான்னா யோசிக்கணும்லா என்று. நான் கேட்கவில்லை. போட்டதும் திரையில் முதலில் வந்தது பிள்ளையார், கீழே குத்துவிளக்கு. பிள்ளையாரை முன்னால் வைத்து ஒருவன் கெட்டது செய்வானா என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டும் வைத்தேன். பிறகு பிரதி எடுக்கும் விதத்தைப் புத்தகம் பார்த்து நானே கற்றுக்கொண்டு ஒன்பது எடுத்தேன், காலி டிஸ்கெட் வாங்கிய காசைக் கணக்கு நோட்டில் கோயில் செலவு பக்கத்தில் எழுதினேன்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் எழுந்திருக்க நேரம் எடுத்தது, யாரும் தொடாதபோதும் அதன் முகப்பில் இருக்கும் சின்ன விளக்கு மினுக்கு மினுக்கென்று எரிந்தது. கடற்காற்றுத் தூசி என்று துடைத்து வைத்தேன். ஆடி பிறந்து ஒரு காலை நிர்மலா முடுக்கியபோது பிள்ளையாரும் இல்லை, அவள் எழுதியதும் இல்லை. உங்கள் கோப்புகளைப் பூட்டியிருக்கிறோம், இன்ன நாட்டில் இன்ன தபால் பெட்டிக்கு பேங்க் டிராப்ட் அனுப்பினால் திறக்கும் டிஸ்கெட் வரும் என்று ஆங்கிலத்தில் நின்றது. உள்ளே இருந்தது என்ன என்று உனக்குத் தெரியும். தோட்டத்துப் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அவள் இரண்டு வருடமாக எழுதிவரும் வாசிப்புப் புத்தகம், தீபாவளிக்கு முன் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியது. வேறு பிரதி இல்லை. உறைமோர் எடுத்துவைக்காமல் தயிர் முழுவதையும் பரிமாறிய கதைதான். நான் பதறிப்போய், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். நிர்மலா அழவில்லை. நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். 

அப்பா பணத்தை அனுப்பிவிடலாம் என்றே நின்றார். புள்ளையோட உழைப்புதான் பெருசு, காசு போனா போவுது என்றார். நான் சம்மதிக்கவில்லை. அவனுக்கு முகம் இல்லை, தெரு இல்லை, வெறும் தபால் பெட்டி. காசை வாங்கிக்கொண்டு சாவி அனுப்புவான் என்பதற்கு யார் ஜாமீன். அனுப்பினாலும் அந்தச் சாவியோடு இன்னொரு பூட்டு வராது என்று யார் கண்டது. நாம் கொடுக்கும் காசில் அவன் இன்னும் ஆயிரம் டிஸ்கெட் வாங்குவான், அதிலும் பிள்ளையாரைப் போடுவான். இதைச் சொன்னதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஹனிபா பாய் மகன் தாரிக்கை அழைத்து வரப் போனார்.

தாரிக் வந்ததும் கம்ப்யூட்டரில் இருந்த சந்தனப் பொட்டைப் பார்த்துவிட்டு, ஆன்ட்டி, சாமி படம் போட்டா வைரஸ் உள்ள வராதுன்னு எந்தப் புத்தகத்துல இருக்கு லா என்றான்.  இனிமேல் இதை இதன் போக்கில் முடுக்கவே கூடாது என்றான். தன் கடையிலிருந்து சுத்தமான ஒரு டிஸ்கெட் கொண்டுவந்திருந்தான், அதன் மூலையில் இருக்கும் குட்டிக் கதவைத் தள்ளி வைத்தால் அதில் எதுவும் போய் எழுத முடியாதாம், அதை வைத்துத்தான் கம்ப்யூட்டரை எழுப்பினான். எழுத்தெல்லாம் உள்ளேதான் இருந்தது, பெயர்களைக் குழப்பி மறைத்து வைத்திருந்தான் வைரஸ் அனுப்பிய அந்தப் பாவி. தாரிக் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடுக்க, நிர்மலா திறந்து படித்து இது இன்ன பாடம் என்று பெயர் வைத்தாள். பிறகு கம்ப்யூட்டரை முழுக்கத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டான். எல்லாப் பூட்டும் இப்படி லேசில் திறந்துவிடாதாம், சிலதில் ஒன்றுமே திரும்பாதாம். எங்களுக்கும் கடைசிப் பாட்டுகள் சில திரும்பவில்லை, நான் பிளக்கைப் பிடுங்கியதால் சிதைந்தவை. அவற்றை நிர்மலா முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள், இப்போது பாலர் பள்ளியில் அவர்கள் பாடப் பாட உட்கார்ந்து எழுதிக்கொள்கிறாள். தவளை என்று அவள் எழுதியதைப் பார்த்து, டீச்சர் அது தவக்களை இல்ல, ஓணான், நீங்கதானே சொன்னீங்க என்று ஒரு குட்டி திருத்தியதாம். அன்றைக்குத்தான் வீட்டில் அவள் சிரித்தாள்.

இங்கே கொடுத்த எட்டுப் பிரதியையும் திருப்பி வாங்க நான் பஸ் ஏறி ஒவ்வொரு வீடாகப் போனேன். கிளேபாங் அன்னம்மா, குடுத்த புண்ணியத்த வாசல்ல நின்னு திருப்பிக் கேக்கிற ஆள இப்பத்தான் பாக்கிறேன் என்றாள். கேட்டுக்கொண்டேன், வேறென்ன செய்வது. மணியம் அண்ணன் வீட்டில் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள், இன்னும் பூட்டு விழவில்லை, தாரிக் போய்ச் சுத்தம் செய்தான். எட்டும் கைக்கு வந்துவிட்டது. ஒன்பதாவது கடலில் வந்துகொண்டிருக்கிறது. முகம் தெரியாதவன் கொடுத்தால் நீ யோசிப்பாய் என்று எனக்குத் தெரியும். இது அம்மா அனுப்பியது, யோசிக்காமல் போடுவாய், உன் ஆராய்ச்சி முழுக்க அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதுதான் எனக்குத் தூக்கம் வராத காரணம்.

இனி இப்படி இரு. எழுதியதை வாரம் ஒரு முறை வேறு டிஸ்கெட்டில் எடுத்து, கதவைத் தள்ளி, கம்ப்யூட்டரை விட்டு எட்டி வை, அதிலேயே சொருகி வைத்தால் அது பிரதி ஆகாது. யார் கொடுத்தாலும் முதலில் வைரஸ் தேடும் புரோகிராமில் சோதித்துப் பார், சோதித்ததையும் முழுக்க நம்பாதே, அதற்குத் தெரியாத புது வைரஸும் உண்டாம். சந்தேகம் வந்த கம்ப்யூட்டரில் நல்ல டிஸ்கெட்டைப் போடாதே, ஈரக் கரண்டியை ஊறுகாய் ஜாடியில் விடுவது போல. அவசரப்படுத்தியும் பயமுறுத்தியும் ஆசை காட்டியும் எது வந்தாலும் ஒரு நாள் கழித்துத் தொடு. இது கல்யாணத் தரகருக்கும் பொருந்தும்.

அந்த எட்டையும் பாக்கியலட்சுமி அக்கா கொடுத்ததையும் என்ன செய்வது என்றுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. பிள்ளையார் இருப்பதை உடைக்கலாமா, கடலில் கரைக்க வேண்டாமா என்றாள் அன்னம்மா. கடலில் போட்டால் அது கரையாது, மீன்காரர் வலையில்தான் ஏறும். சாமி முன் உட்கார்ந்து, உன் முகத்தைத் திருடிப் போட்டுக்கொண்டு வந்தவனைத்தான் வெட்டுகிறேன் அப்பனே என்று சொல்லி, தையல் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டினேன்.  நீயும் தயங்காமல் வெட்டு. வெட்டியதும் ஒரு வரி எழுது, அது வரும் வரை அம்மா காத்திருப்பேன்.

எல்லா நலமும் பெற்று, நல்ல பெயரோடு, நோய் நொடி அண்டாமல் நீ வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. பொட்டலம் வந்ததும் விபூதியை எடுத்து நெற்றியில் பூசிக்கொள், பக்கத்தில் இருப்பதை வெட்டிப் போடு. இரண்டையும் அனுப்பியது உன் அம்மாதான்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
வீ. பெத்தம்மாள்