சுவருக்கு அந்தப் பக்கத்து ஆமென்

11-11-46, திங்கள். ராஜபாளையம்.

விடிந்ததிலிருந்து தூறல். மேற்கே மலை தெரியவில்லை. பள்ளிக்கூடத்து ஓடு மூன்று இடத்தில் ஒழுகல். இரண்டாம் வகுப்பை நான்காம் வகுப்போடு உட்கார வைத்தேன். ஒரே சண்டை.

எங்கள் குருவானவர் கடிதம். சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் வட்டாரக் கூட்டம். நம் புராட்டஸ்டண்டு சபைகள் ஒன்றாக இணைவதைப் பற்றிக் கால்மணி நேரம் நான் பேச வேண்டுமாம். தலைப்பும் அவரே கொடுத்துவிட்டார்: 'ஐக்கியம்'. முடிவு ஜெபமும் என் தலையில்.

செய்ய வேண்டியவை: 1. ஓடு. 2. ஐக்கியம். 3. குடைக்குக் கம்பி.

பக்கத்து வீட்டு அந்தோணியம்மாளுக்கு ரொம்ப முடியவில்லை. அவர்கள் ஆர்.சி., நாங்கள் புராட்டஸ்டண்டு. நடுவில் ஒற்றைச் சுவர், பதினாறு வருஷம். அந்தி வந்தால் அங்கே ஜெபமாலை, இங்கே குடும்ப ஜெபம். ஒரு பக்கம் குரல் உயர்ந்தால் மறுபக்கமும் உயரும். (நான்தான் முதலில் உயர்த்துவேன். பொய் எழுதுவானேன்.) புருஷன் சவரிமுத்து மில்லில். ஒரே மகன் பட்டாளத்தில், தந்தி போயிருக்கிறது. அவர்கள் சாமியார் நேற்றே வந்து கடைசி எண்ணெய் பூசி, அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டார். இனி நாள் கணக்குத்தான்.

12, செவ்வாய்.

மழை. ஐக்கியம் இரண்டு வரி எழுதி, இரண்டையும் அடித்தேன்.

ஞானம் பக்கத்து வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். ஆட்சேபம் இல்லை. பலகாரம் போகலாம், வரலாம். பக்தி மட்டும் சுவர் தாண்டக் கூடாது. கல்யாணமான புதிதில் அவளுக்கு நான் போட்ட சட்டம்.

வீட்டுக்காரர் ராஜு வந்தார். நடுச்சுவர் ஊறிப் பொரிந்து கிடக்கிறது. "ரெண்டு வீடும் வேதக்காரவுகதான வாத்தியாரே. சேந்து சுண்ணாம்பு அடிச்சா என்ன?" என்றார். இரு சபைக்கும் உள்ள வித்தியாசத்தை அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப சாமி ஒண்ணுதான?"

"ஒன்றுதான்."

"பொறவு என்ன?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

14, வியாழன்.

மழைக்காகப் பள்ளி அரைநாள். வீட்டுக்குள் நுழைந்தால் சுவருக்கு அப்பால் ஜெபமாலை. அந்தோணியம்மாளுக்கு நேற்றே பேச்சு நின்றுவிட்டது. சவரிமுத்துவுக்குக் காலை ஷிப்டு. அப்படியானால் யார்?

போய்ப் பார்த்தேன். ஞானம். தரையில் உட்கார்ந்து, மாதாவை நோக்கிச் சொல்லும் அவர்களுடைய பிரியதத்த மந்திரத்தைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள்! எங்கள் சபை உபதேசியார் மகள்! வாசலில் குடையோடு நின்றேன். பார்த்தாள், நிறுத்தவில்லை. ஜெபமாலையில் அந்தப் பத்து மணியையும் முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"செத்த நேரம் இருங்க. இன்னும் மூணு பத்து இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏட்டி, இத எப்பப் படிச்ச?"

"நான் எங்க படிச்சேன்? பதினாறு வருசமாச் சுவத்துல கேட்டதுதான்."

"அது நம்ம ஜெபம் இல்ல, ஞானம்."

"தெரியும். எனக்காகவா சொன்னேன்? அக்காவுக்கு வாயி வரல, எனக்கு வருது. குடுத்தேன்." பிறகு மெதுவாக, "நான் சொல்லச் சொல்ல அவிய விரலு மணிய நகத்துதுங்க. நான் நிறுத்துனா விரலும் நின்னு போகுது. எப்படி நிறுத்த?"

என்னிடம் ஏழெட்டு வசனம் தயாராக இருந்தது. குடையை மடக்கி மூலையில் வைத்தேன். இவளை மெச்சுகிறேன். நேரில் சொல்ல வராது, இங்கேயாவது இருக்கட்டும்.

15, வெள்ளி.

ஞானத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. காற்றுத்தான் வருகிறது. அந்தோணியம்மாளின் தங்கை செட்டியார்பட்டியிலிருந்து வர வேண்டும். ஓடையில் தண்ணீர், வண்டி வரவில்லை. மத்தியானம் சவரிமுத்து வாசலில் வந்து நின்றார். "வாயத் தொறந்தா அழுகதான் வருது வாத்தியாரையா. அவ விரலு சும்மா கெடக்கு." கையில் அவர்கள் ஜெபப் புத்தகம்.

ஞானம் என்னைப் பார்த்தாள். போனேன்.

பெரிய மணியில் ஆரம்பம். அவர்களுக்குப் பரலோக மந்திரம், எங்களுக்குப் பரமண்டல ஜெபம். இரண்டும் ஒன்றே, ஆகவே தைரியமாக எங்கள் வாசகத்திலேயே சொன்னேன். 'ராஜ்யமும் வல்லமையும்' என்று அவர்கள் சொல்லாத வாலையும் சேர்த்துச் சொல்லி, ஆமென் என்று முடித்தேன். விரல் நகரவில்லை.

கூடவே வந்திருந்த ஞானம் காதருகே குனிந்தாள். "'சேசு' சொல்லலையே நீங்க. அவியளுக்கு ஆமென் சேசுன்னு வந்தாத்தான் அடுத்த மணி."

இயேசுவை அவர்கள் சேசு என்பார்கள். பதினாறு வருஷம் நான் கேலி செய்த சொல். ஆமெனுக்குப் பின்னால் சேசு எதற்கு, இலக்கணமா இது என்பேன்.

"ஆமென் சேசு" என்றேன்.

விரல் நகர்ந்தது.

அடுத்த பத்தும் மாதாவுக்கு. புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். கூரை இடிந்து என் மேல் விழவில்லை. வாய் சொன்னதையெல்லாம் மனம் ஒப்பியதா என்றால், தெரியாது. அந்த விரலைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

நாலு மணி இருக்கும். நான்காவது பத்தில் ஏழாவது மணி. ஆமென் சேசு என்றேன். விரல் நகரவில்லை. சரியாகச் சொல்லவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். சவரிமுத்து என் தோளைத் தொட்டார்.

16, சனி.

மழை விட்டது. காலை எட்டுக்கு அடக்கம். தங்கை வந்து சேர்ந்தாள். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவர்கள் கல்லறைத் தோட்டத்துக்குள் முதல் தடவையாகக் கால் வைத்தேன். நானும் மண் போட்டேன்.

பதினோரு மணி பஸ்ஸில் ஞானமும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூர். கூட்டத்தில் எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். மூன்றும் 'ஒன்றாவோம்', ஆனால் யார் பாட்டுப் புத்தகம் என்பதில் தகராறு. நான் எழுதி அடித்த இரண்டு வரியையும் வீட்டிலேயே விட்டுவிட்டேன். ஐந்து நிமிஷம் உளறினேன். முடிவு ஜெபம். எல்லாரும் எழுந்து நிற்க, நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியில், கணீரென்று, "ஆமென் சேசு."

பெண்கள் பக்கமிருந்து மட்டும் கட்டின தொண்டையில் ஒரு "ஆமென் சேசு". ஞானம்தான்.

வெளியே குருவானவர், "என்ன வாத்தியார், கட்சி மாறிட்டீரா?" என்றார். சிரித்தாரா, முறைத்தாரா, தெரியவில்லை. "பக்கத்து வீட்டுப் பழக்கம்" என்றேன். இதற்கு ஒரு விசாரணை வரும். வரட்டும்.

17, ஞாயிறு.

வெயில். குடைக்கு இன்னும் கம்பி போடவில்லை. சுண்ணாம்புக்கு ராஜுவிடம் சொல்லியாயிற்று. இரண்டு பக்கமும் அடிக்கிறோம்.

அந்தியில் குடும்ப ஜெபம். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தங்கை ஊருக்குப் போய்விட்டாள், சவரிமுத்து தனியாக இருக்கிறார். மெதுவாகவே ஜெபித்தேன். முடித்து ஆமென் என்றேன்.

செத்த நேரம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "சேசு."