சீமாட்டியின் முன்னங்கால் குளம்பு

மார்ச் 11
காலையில் தண்ணீர் வைக்கப் போனபோது பார்த்தேன். என் குதிரை சீமாட்டியின் இடது முன்குளம்பில், நுனியிலிருந்து மேலே பாதி வரை வெடிப்பு. போன வாரம் மயிரிழை; இன்று நகம் நுழைகிறது. பாவம், காலை ஊன்றவே யோசிக்கிறாள். சவாரி படிக்க வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினேன்.

மார்ச் 12
கால்நடை மருத்துவர் வந்தார். சீழ் இல்லை. "இது மருந்து வேலை இல்லம்மா. குளம்பு சமமா இல்ல. நல்லா செதுக்கத் தெரிஞ்சவங்களக் கூப்பிடுங்க. விட்டா மேல ஏறிடும்."
இந்தப் பக்கத்தில் அப்படி ஒருவர்தான். என் அண்ணி.
இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. "நுனியை இவ்ளோ நீளமா விடாத, பிளக்கும்" என்று அன்று சவாரிப் பிள்ளைகளின் பெற்றோர் எதிரே சொன்னார். "என் குதிரையப் பார்த்துக்க எனக்குத் தெரியும்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னவள் நான். அன்றிலிருந்து நானேதான் அரம் பிடிக்கிறேன். லட்சணம் தெரிகிறதே.

மார்ச் 13
போனை எடுத்து, வைத்து, எடுத்து — சீ, என்ன ரோஷம் வேண்டிக்கிடக்கு? வலி எனக்கா அவளுக்கா?
"வெடிச்சிடுச்சு அண்ணி" என்றேன்.
"எந்தக் கால்?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 14
வந்தார். பழசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெடிப்பைத் தொடவும் இல்லை. முதலில் சீமாட்டியை நடக்கவிட்டுப் பார்த்தார். "ஒரு பக்கம் உசரம், ஒரு பக்கம் தாழ்வு. நுனி வேற நீண்டு கிடக்கு. அடி வைக்கிறப்பல்லாம் அதுவே நெம்பிப் பிளக்குது." இரண்டு பக்கமும் சமமாக்கி, நுனியைக் குறைத்து, வெடிப்புக்கு நேர் கீழே தரையில் படாதபடி அராவினார். முக்கால் மணி நேரம் குனிந்த முதுகு நிமிரவில்லை. வெடிப்பு இன்னும் மேலே ஏறுகிறதா என்று பார்க்க, அதன் மேல்முனையில் ஒரு கோடு கிழித்தார்.
நான் அழுதுவிட்டேன். "அட, குளம்பு வளர்ற பொருள்தானே. அஞ்சு வாரத்துக்கு ஒருக்கா வர்றேன். நீ அரத்தத் தொடாத."

ஏப்ரல் 18
வெடிப்பு கோட்டைத் தாண்டவில்லை! குளம்பு வளர வளர, கோடே சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது.

ஜூன் 27
கொட்டுகிற மழையிலும் அண்ணி வந்தார். நாளைக்கு வந்திருக்கலாமே என்றேன். "அஞ்சு வாரம்னா அஞ்சு வாரம்." இந்த மனுஷியை விட்டு இரண்டு வருஷம் எப்படி இருந்தேன்?

செப்டம்பர் 5
வெடிப்பின் கடைசித் துண்டு, சுண்டுவிரல் நகம் அளவு, நறுக்கென்று வெட்டுப்பட்டு விழுந்தது. பிள்ளைகளின் பெற்றோர் நின்றிருந்தார்கள். "இவங்க அப்பவே சொன்னாங்க, நான்தான் கேக்கல" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன். அண்ணி கேட்காத மாதிரி அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 7
சீமாட்டி ஓடினாள். அண்ணி வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஏறுறீங்களா அண்ணி?"
"நானா? முப்பது வருஷமா குதிரைக்குக் கீழதான் குப்பை கொட்டுறேன். மேல ஏறினதே இல்ல."
ஏற்றிவிட்டேன். பிடரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்றார். ஒரு சுற்று முடிந்து, இறங்கக் கை நீட்டினேன்.
"இன்னும் ஒரே ஒரு சுத்து" என்றார்.