சாமி முகத்தில் இருந்த கட்டங்கள்

என் உயிர் அப்பாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் நம் எஸ்டேட்டு ஆட்கள் இருந்தால் அவர்களிடமும் வேண்டாம். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். பயமாக இருக்கிறது, அப்பா.

பினாங்கில் கம்ப்யூட்டர் படிக்கும் பெரியப்பா மகன் சேகர் அண்ணன் லீவுக்கு வந்திருக்கிறார். கம்ப்யூட்டரில் படங்கள் நிறைய இடம் பிடிக்குமாம். அதனால் கொஞ்சத்தைக் கழித்துச் சுருக்கி வைக்கிறார்கள். படம் எவ்வளவு கெட்டது என்று கம்ப்யூட்டரே கணக்குச் சொல்லும். ஆனால் தேயிலைச் செடிகளில் கழித்தது நம் கண்ணுக்குத் தெரியாதாம். அதே அளவு ஒரு முகத்தில் கழித்தால் உடனே உறுத்துமாம். கணக்கோ இரண்டும் ஒன்று என்கிறது. அதனால் மனிதர்களே பார்த்துத் தெளிவுக்கு மார்க் போட வேண்டும் என்று, கோயில் சுவரில் படங்களை ஒட்டி லயத்து வீடுகளில் இருக்கும் ஆட்களைக் கூப்பிட்டார்.

முதல் படம் நம் கோயில் முருகன், நிறையச் சுருக்கியது. எல்லோரும் பத்துக்குப் பத்து போட்டார்கள். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமா இருக்கே, தெரியலயா அத்தை?"

"தெரியுதுலா. அதுக்காகச் சாமிக்குப் போயி மார்க்கு கொறைப்பாங்களா? வேணும்னா நீ கொறைச்சிக்க, பாவம் ஒனக்கு!" என்றார் பாக்கியம் அத்தை.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு ஒரு கட்டமும் தெரியவில்லை, அப்பா.

அடுத்தது ஒரு குழந்தையின் படம், நல்லதும் கெட்டதுமாக இரண்டு. "ஐயே, இது அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்று கெட்டதை உடனே காட்டினார்கள். நான் இரண்டுக்கும் ஒரே மார்க் போட்டேன். அண்ணன் என்னைத் தனியே அழைத்தார்.

"தானா ராத்தா ஆஸ்பத்திரில கண்ணைக் காட்டணும். சித்திகிட்ட நீயே சொல்றியா, நான் சொல்லட்டா?"

உங்களுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததா? பொழுது சாய்ந்தால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பீர்களே. துரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், அம்மாவிடம்கூடச் சொல்லாதே என்றீர்களே. நீங்கள் சரிவில் விழுந்து எங்களை விட்டுப் போனதற்குப் பனிமூட்டம்தான் காரணம் என்று அம்மா இன்றும் நம்புகிறாள்.

சொன்னால் பள்ளியை விட்டு நிறுத்திவிடுவாளா? கொழுந்து பறிக்கவும் கண் வேண்டுமே, என்னை என்ன செய்வாள்? சொல்லாவிட்டால் நானும் ஒருநாள் அந்தச் சரிவில்தானா?

உங்களுடையதையும் என்னுடையதையும் சேர்த்து மறைக்க என்னால் முடியாது. இரண்டையும் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். இது சத்தியம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கதவைத் தட்டுகிறாள். "இந்நேரத்துல லைட்டைப் போட்டுக்கிட்டு என்னாடி பண்றே?"

திறக்கிறேன், அப்பா.

உங்கள் மகள்
தேவி