நேரம் கிடைத்துவிட்டது

மே 12, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பஸ்ஸில் கடப்பாக்கம். அண்ணன் குடும்பம் அண்ணியின் ஊருக்குப் போயிருக்கிறது, வீடு காலி. சாவி பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவிடம். மீன் விற்றுவிட்டு வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கத எழுத வந்துகீறியாமே? உன் வூட்டுக்காரரு போன் பண்ணாரு. தொந்தரவு பண்ணக்கூடாதாம்."

கூச்சம். என் கடைசிக் கதை அச்சில் வந்தபோது மகள் யாழினி பிறக்கவே இல்லை. இப்போது நாலாவது முடித்துவிட்டாள். கேட்டவர்களிடமெல்லாம் நேரமில்லை என்றே சொல்லி வந்தேன். கம்பெனி, ஷிப்டு, சமையல், குழந்தை. என் வீட்டுக்காரர் அதை அப்படியே நம்பினார். இந்த வாரம் வாடகைக்கு ஓட்டும் வேனை எடுக்காமல், யாழினியோடு மதுராந்தகத்தில் தன் அம்மா வீட்டில் இருக்கிறார். "நீ எழுது. மத்தத நான் பாத்துக்கறேன்."

மே 13, செவ்வாய்

எழுதவில்லை. அண்ணியின் அலமாரியைத் துடைத்தேன். திரைச்சீலை துவைத்தேன். ரீல்ஸ். தூக்கம். மறுபடி ரீல்ஸ்.

சாயங்காலம் அவர் போன். "இன்னா, எழுதினியா?"

"எழுதிகினுதான் கீறேன்."

யாழினி தலையில் பேனாம். "புள்ள தலைய பாக்க நேரமில்ல, கத எழுத மட்டும் நேரம் கீதா?" என்று மாமியார். கடைசியில் இவரே உட்கார்ந்து வாரிவிட்டாராம். சிரித்துக்கொண்டே சொன்னார். போனை வைத்தபிறகு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மே 14, புதன்

பொய் வளர்கிறது. பாதிக் கதை முடிந்தது என்றேன். வேன் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டாராம்.

கடலோரப் பழைய கோட்டைப் பக்கம் நடந்தேன். இடிந்த சுவர், செல்பி எடுக்கும் ஒரு ஜோடி. எழுதுகிறவள் மாதிரி கடலைப் பார்த்து நின்றேன். எனக்கே அருவருப்பு. நேரம் கிடைத்துவிட்டது. இனி எதன் மேல் பழி போடுவது?

மே 15, வியாழன்

"படிச்சிக் காட்டேன். நான் மட்டும்தான் கேக்கறேன்," என்றார் போனில்.

மறுக்க ஒரு காரணமும் வாயில் வரவில்லை. வெற்றுத்தாளைப் பார்த்தபடி ஆரம்பித்தேன். கம்பெனி பஸ்ஸில் தினமும் கைக்குட்டை போட்டு சிநேகிதிக்கு இடம் பிடிக்கும் ஒருத்தி. சிநேகிதியை வேலையைவிட்டு நிறுத்தி மாதக்கணக்காகிறது. மற்றவர்கள் நின்றுகொண்டு வருகிறார்கள், திட்டுகிறார்கள். இவள் கைக்குட்டையை எடுப்பதில்லை. ஒருநாள் நிறைமாதக்காரி ஒருத்தி ஏறுகிறாள். அங்கே நிறுத்திவிட்டேன்.

"அப்பால?"

"அவ்ளோதான் எழுதியிருக்கேன்."

"நீ படிக்கல. இப்பத்தான் ஜோடிக்கற. ஒரு பக்கமாவது எழுதினியா?"

"இல்லங்க."

"ஸ்டாண்டுல அத்தினி பேராண்ட சொன்னேனே."

கட் பண்ணிவிட்டார்.

மே 16, வெள்ளி

காற்றே இல்லை. போன் பண்ணினேன். யாழினி எடுத்து, "அப்பா தூங்கறாரு," என்றாள். பின்னால் அவர் இருமுவது கேட்டது.

மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அடித்தேன், அழித்தேன், அடித்தேன். வார்த்தை வரவில்லை. கைக்குட்டைக்காரிக்கு மட்டும் வந்தது. நிறைமாதக்காரியைப் பார்த்ததும் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள் என்று எழுதினேன். அவளை அப்படியே விட மனமில்லை. தொடர்ந்தேன்.

"எத்தினி வாட்டி கூப்படறது? காது கேக்கலியாடி?" வாசலில் மல்லிகா அக்கா, கையில் மீன் குழம்பு. அப்போதுதான் பார்த்தேன், மத்தியானச் சோறு தட்டிலேயே காய்ந்து கிடந்தது.

சந்தோஷம். அவர் அங்கே முகம் தூக்கிக்கொண்டிருக்க இங்கே சந்தோஷமா என்று அதற்கும் வெட்கம்.

மே 17, சனி

வேனோடு வந்துவிட்டார். யாழினி நேரே மல்லிகா அக்கா வீட்டுக்கு ஓடிவிட்டாள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பேக் எங்க?"

தாள்களை நீட்டினேன். படியில் உட்கார்ந்து உதடசையப் படித்தார். எனக்கு நிற்கவும் முடியவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை.

"பஸ்ஸு வர்ற எடம் நல்லா கீது." கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தார். "முடிவுல இன்னாத்துக்கு அழுவறா?"

கதை முடியட்டும் என்று அழவைத்திருக்கிறேன்.

"எனக்கு இன்னும் கோவந்தான்," என்று பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

கடைசிப் பத்தியைக் கோடு போட்டு அடித்தாயிற்று. ஹாரன் அடிக்கிறார். "கொஞ்சம் இருங்க, எழுதறேன்," என்று உள்ளேயிருந்தே கத்தினேன்.

ஹாரன் நின்றது. எஞ்சினையும் அணைத்துவிட்டார்.