உங்களுக்கு எதிராக நீங்கள் தூக்கிய கை

பாய்,

இன்று காலை தேரடிப் பக்கம் நடைபாதைக் கடையில் என் முதல் நாவலைப் பார்த்தேன். மங்கிப்போன மஞ்சள் அட்டை, பழைய தாள் வாடை. சும்மா எடுத்துப் புரட்டினேன். நாற்பத்தெட்டாம் பக்கம் வரை என் கதை. அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து தேவராஜின் கவிதைகள், பதினாறு பக்கம். துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டே எழுதினானே, அவைதான். "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். அவ்வளவு தூரம் முகம் மாறியிருக்கிறது.

நீங்கள் போய் ஆறு வருஷம் ஆகிறது. இன்றைக்குத்தான் இதில் ஒரு பிரதியைத் திறந்து பார்க்கிறேன்.

நூலகங்கள் புத்தகம் வாங்குவதை நிறுத்தியிருந்த காலத்தில் கூட்டாகச் சேர்ந்தவர்கள் நாம். மூன்று சின்னப் பதிப்பாளர்கள், நான்கு எழுத்தாளர்கள், இரண்டு புத்தகக் கடைக்காரர்கள். விம்கோ நகரில் தொழிற்சங்கக் கட்டட மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் கூடுவோம். "தனித்தனியா கெடந்தா அல்லாரும் காலி. ஒண்ணா கெடப்போம்" என்று கூட்டி வைத்தது நீங்கள்தான். கல்மண்டபத்தில் உங்களுடையது பெட்டிக்கடை அளவில் ஒரு புத்தகக் கடை. அதில் தெருவைப் பார்த்த முதல் வரிசையை எங்கள் புத்தகங்களுக்கு ஒதுக்கினீர்கள். ஒரு விதியும் போட்டீர்கள். எந்தத் தீர்மானத்துக்கும் ஒன்பது கையும் மேலே போக வேண்டும், ஒரு கை குறைந்தாலும் விட்டுவிட வேண்டும். இதனால் எத்தனை நல்ல யோசனையைக் கோட்டைவிட்டோம்! நான் உங்களைத் திட்டாத வாரம் கிடையாது.

காகிதத்தை மிச்சம் பிடிக்க என் நாவலையும் தேவராஜ் புத்தகத்தையும் ஒன்றாக அச்சுக்குக் கொடுத்தோம். ஒரே தாளில் பாதி எனக்கு, பாதி அவனுக்கு. பைண்டிங்கில் தாள் மாறிப் போய், என் கதைக்குள் அவன் கவிதை, அவன் கவிதைக்குள் என் கதை. எல்லாவற்றையும் எடைக்குப் போடுங்கள் என்று நான் குதித்தேன். நீங்கள் விடவில்லை. "யாரோட தாளும் குப்பைக்குப் போவக்கூடாதும்மா. பிரிச்சு மறுபடி கட்டலாம்" என்றீர்கள். ஒன்பது கையும் தூக்கியாகிவிட்டது. இரண்டு சனிக்கிழமை எல்லோரும் தரையில் உட்கார்ந்து தையல் பிரித்து, தாள் மாற்றி, கோந்து தடவினோம். டீ டம்ளரெல்லாம் விரலில் ஒட்டிக்கொண்டது. அந்த இரண்டு வாரம் நாம் சிரித்த மாதிரி பிறகு சிரிக்கவில்லை.

கடைசி இரண்டு கட்டுப் புத்தகங்களை நானே வீட்டில் முடிக்கிறேன் என்று எடுத்துப் போனேன். பொறுமை போய்விட்டது. பழைய பேப்பர் கடையில் போட்டு, "கிழிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். நின்று பார்க்கவில்லை. உங்களிடம் முடிந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

ஆறு மாதம் கழித்து வண்ணாரப்பேட்டை நடைபாதையில் என் நாவல், கருக்கு அழியாமல், அடுக்கடுக்காக. அத்தனை பிரதி இருந்தது உங்கள் கடையில் மட்டும்தான். நான் போட்ட இரண்டு கட்டும் எப்போதோ கூழாகியிருக்கும் என்று முடிவு கட்டியிருந்ததால் அது நினைவுக்கே வரவில்லை. ஒன்றை வாங்கி, திறந்துகூடப் பாராமல், நேரே கூட்டத்துக்கு வந்து உங்கள் மடியில் விட்டெறிந்தேன். "எங்க முதுகுக்குப் பின்னால வித்துட்டீங்களே, நீங்களெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கத்தினேன்.

நீங்கள் புத்தகத்தைப் புரட்டினீர்கள். ஓர் இடத்தில் விரல் நின்றது. மூடிவிட்டீர்கள். திருட்டு முழி என்று நினைத்தேன். "இனிமேல் பாய் கடைக்கு யாரும் புத்தகம் தரக்கூடாது" என்றேன். ஒவ்வொரு கையாக மேலே போயிற்று. எட்டு. எல்லோரும் உங்களைப் பார்த்தோம். நீங்கள் சும்மா இருந்திருந்தால் போதும், தீர்மானம் அங்கேயே விழுந்திருக்கும். நீங்கள் கையைத் தூக்கினீர்கள். "அல்லாரும் சொல்றீங்கோ. சரி" என்றீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று சொல்லிக்கொண்டே நான் படியிறங்கினேன்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தீர்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும். கதவோரமாக உட்கார்ந்தீர்கள். இரண்டு வருஷம் உங்கள் முதல் வரிசை காலியாகக் கிடந்தது. எங்கள் புத்தகம் கேட்டு வந்தவர்களுக்கு எங்கள் வீட்டுக்கே வழி சொல்லி அனுப்பினீர்கள். பிறகு மாரடைப்பு. உங்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பியவள் நான்.

மத்தியானம் தேவராஜ் வீட்டுக்கு ஓடினேன். காலையில் வாங்கிய புத்தகத்தை நீட்டினேன். அவன் அதைத் திறக்கவே இல்லை.

"பாய்க்கு அன்னிக்கே தெரியும்க்கா" என்றான். "கூட்டம் கலைஞ்சப்புறம் என்னைக் கூட்டிகினு போய் காட்டினாரு. என் கவிதை அதுல கீது, நீ வூட்டுக்கு எடுத்துகினு போன கட்டுதான். எனக்கு வயிறு எரிஞ்சிச்சு. 'வுடு நைனா, அந்தம்மா வெளிய போச்சுன்னா கூட்டே கலைஞ்சு பூடும், என்னைத் திட்டினா நான் எங்கயும் போவமாட்டேன்'னாரு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு."

"அவர் போனப்புறமாவது சொல்லியிருக்கலாமேடா!"

"சொன்னா நீ சோறு துன்னுவியாக்கா?"

எட்டு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து என் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்தவன் அவன்.

சாயங்காலம் கூட்டம் இருந்தது. இப்போது ஐந்து பேர்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். யாராவது திட்டுவார்கள் என்று பார்த்தேன், ஒருவரும் திட்டவில்லை. அன்று கை தூக்காதவர் அங்கே யாரும் இல்லையே. அந்தத் தீர்மானத்தை ரத்து செய்வோம், பாய் கடைக்குப் புத்தகம் அனுப்புவோம் என்று உளறினேன். எல்லாக் கையும் சட்டென்று மேலே போயிற்று. தேவராஜ்தான் மெதுவாகக் கேட்டான், "எந்தக் கடைக்குக்கா?"

கல்மண்டபத்தில் அந்த இடத்தில் செல்போன் கடை வந்து நாலு வருஷமாகிறது.

நம் கூட்டு இன்னும் இருக்கிறது, பாய். நீங்கள் திருட்டுப் பட்டத்தை வாங்கிக்கொண்டதால் இருக்கிறது. இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் இதைத் தெரிந்துகொண்டேதான் அந்த மாடிப்படியை நான் ஏற வேண்டும்.