பார்த்ததை மட்டும் எழுதவும்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் நலம். அண்ணிக்கு வாந்தி நின்றதா? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. லிஃப்ட் மோட்டாரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதத் தெரிகிறது, மாசமாக இருக்கும் மனைவியைப் பற்றி எழுத உனக்குக் கை வரவில்லை.

கல்லூரியில் இந்த அரையாண்டு ‘அறிக்கை எழுதுதல்’ என்று ஒரு பாடம். குற்றவியல் படிப்பு என்றால் யாரையாவது துரத்திப் பிடிப்பது என்று நினைத்துச் சேர்ந்தவள் நான். முக்கால்வாசி எழுத்து வேலைதான். பாடம் எடுப்பவர் முப்பது வருடம் காவல் நிலையத்தில் எழுத்தராக இருந்தவர். நாங்கள் வைத்த பெயர் ‘சிவப்பு மை’.

போன வாரம் வகுப்பு நடுவில் ஒரு ஆள் ஓடிவந்து, மேசைமேல் இருந்த அவருடைய கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினான். நாங்கள் அலறிவிட்டோம். அவர் நிதானமாகக் கடிகாரத்தைப் பார்த்து, “சரி, பாத்ததை எழுதுங்க” என்றார். வந்தது கல்லூரி வேன் டிரைவராம். எல்லாம் ஏற்பாடு.

‘திருடன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்’ என்று எழுதியிருந்தேன்.

“தள்ளினதைப் பாத்தியா?”

“சத்தம் கேட்டுச்சு, மேடம்.”

“அப்போ சத்தம் கேட்டுச்சுன்னு எழுது. நீ பாக்காத இடத்தை உன் மனசு தானா நிரப்பிடும். அந்த ஒரு வரியில ஒருத்தன் ஜெயிலுக்குப் போயிடுவான்.”

கதவு முதலிலேயே திறந்துதான் இருந்ததாம். வகுப்பே சிரித்தது. எனக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த பயிற்சி, எங்கள் சொந்த வாழ்க்கையில் கண்ணெதிரே நடந்த ஒன்றை அறிக்கையாக எழுதவேண்டும். எதை எழுதுவது? எனக்கு ஒன்றேதான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. அது வேண்டாம் என்று பார்க்கிறேன்.

இன்னொன்று, கோபப்படாதே. குழந்தை வரப்போவதையாவது அப்பாவுக்கு ஒரு வரி எழுதேன். எனக்கு வழக்கம்போலக் கல்லூரி முகவரிக்கே போடு.

உன்,
வாண்டு


ஜனவரி 20

வாண்டுவுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணியிடம் வாசித்துக் காட்டியது என் தப்பு. “என் பக்கம் பேச அந்த வீட்டுல ஒரு ஆளாவது இருக்கே” என்று இரண்டு நாளாக என்னைப் படுத்துகிறாள். வாந்தி நின்றுவிட்டது. இப்போது பசி. அதற்கும் நான்தான் காரணமாம்.

நானும் ஓர் அறிக்கை எழுதுகிறேன், திருத்து. ‘மூன்றாம் மாடிக்கு மேலே லிஃப்ட் நின்றது. உள்ளே நான்கு பேர். கதவைத் திறந்ததும் நால்வரும் என்னைத் திட்டினார்கள்.’ எதை எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. அடுத்த தெரு நாய் உன்னைத் துரத்தியதே, அதை எழுது.

அப்பா விஷயம். கடைசி முறையாகச் சொல்கிறேன். மாடிப்படியில் அவர் விழுந்த அன்றைக்கு நான் அவரைப் பிடிக்கத்தான் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் என் முகத்தைப் பார்த்து, “பெத்த அப்பனையே தள்ளிவிட்டவன் இந்த வீட்டுல இருக்கக் கூடாது” என்றார். அன்று நடந்தது எதுவுமே நினைவில்லை என்று டாக்டரிடம் சொன்ன மனிதர்! நான் தள்ளியது மட்டும் நினைவுக்கு வந்துவிட்டதா? விழுந்ததற்குப் பழிபோட ஒரு ஆள் வேண்டியிருந்தது, நான் அகப்பட்டேன். பொய் சொன்னவருக்கு என் குழந்தையைக் காட்டமாட்டேன்.

அந்த வீட்டில் எனக்கென்று இருப்பது நீ ஒருத்திதான். இதை இனிமேல் எழுதாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்கு மேலாக அலைகிறேன். இன்று எழுதாவிட்டால் எப்போதும் எழுதமாட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நாயைப் பற்றி எழுதவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்த பிறகு சிவப்பு மை ஏற்றுக்கொண்டது இது:

‘அப்போது எனக்கு வயது ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை, காலை சுமார் பதினொரு மணி. நான் சமையலறையில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து மாடிப்படி தெரியாது. படிப்பை விட்டுவிட்டு லிஃப்ட் வேலைக்குப் போவதைப் பற்றி அண்ணனும் அப்பாவும் மாடியில் சத்தம் போடுவது கேட்டது. பிறகு உருளும் சத்தம் கேட்டது. ஓடி வந்தேன். அப்பா கடைசிப் படிக்குக் கீழே கிடந்தார். அண்ணன் மேல்படியில் நின்றார். அவருடைய வலது கை முன்னால் நீண்டிருந்தது. அந்தக் கையில் அப்பாவின் சட்டைப் பை கிழிந்து வந்திருந்தது. அப்பா விழுந்ததை நான் பார்க்கவில்லை.’

முதலில் எழுதியதில் கடைசி வரி வேறு. ‘அண்ணன் அப்பாவைத் தள்ளினார்’ என்று இருந்தது. மேடம் அதைச் சுற்றி வட்டம் போட்டு, ‘அப்போது நீ எங்கே நின்றாய்?’ என்று எழுதியிருந்தார்.

அண்ணா, அப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே எதுவும் நினைவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா, “என்னடி ஆச்சு?” என்று கேட்டாள். “அண்ணன் தள்ளிவிட்டுட்டான்” என்று சொன்னது நான். அம்மா அதை அப்பாவிடம் சொன்னாள். சின்னப் பிள்ளையின் பேர் வெளியே வரக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

வேண்டுமென்று சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னேன். நீ தள்ளுவதும் அப்பா விழுவதும் பதினொரு வருடமாக என் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பார்க்கவே பார்க்காத ஒன்று! தள்ளினவன் கையில் சட்டைப் பை எப்படி வரும் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. தள்ளினாலும் நீ என் அண்ணன்தான் என்று நினைத்துத்தான் உனக்கு எழுதவே ஆரம்பித்தேன்.

இன்று காலை ஒரு நகலை அப்பாவிடம் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அம்மா அழுதாள்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. திட்டி எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்,
வாண்டு


பிப்ரவரி 19

அண்ணா,

ஒரு வரி போதும். கல்லூரி அலுவலகத்தில் தபால் பிரிக்கிறவர் இப்போதெல்லாம் என் தலை தெரிந்ததுமே கையை விரிக்கிறார். அண்ணி எப்படி இருக்கிறார் என்றாவது எழுது.

உன்,
வாண்டு


மார்ச் 7

அன்புள்ள அண்ணா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. படித்த முறையிலேயே எழுதுகிறேன்.

இன்று சனிக்கிழமை. பகல் 11.20-க்குத் தபால்காரர் வந்தார். வாசலில் வாங்கியது நான். ஒரே ஓர் உறை. உன் கையெழுத்து, அப்பாவின் பெயர். உள்ளே எனக்கும் ஒரு தாள் இருக்குமோ என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். தெரியவில்லை. அப்பாவிடம் கொடுத்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் படித்ததை நான் பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. உள்ளே இருந்தது அவர் ஒருவர்தான்.

12.05-க்கு வெளியே வந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். கடிதம் மடித்துச் சட்டைப் பையில் இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டே, “நாளைக்குக் காலைல முதல் பஸ் எத்தனை மணிக்கு?” என்று அம்மாவிடம் கேட்டார்.

“நீங்க மட்டும் போயிட்டா ஆச்சா? நானும் வரேன்” என்றாள் அம்மா.

“எனக்கு ஏதாவது எழுதியிருக்கானாப்பா?” என்று கேட்டேன். அப்பா கடிதத்தை எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை மறுபடி பார்த்தார். எனக்காகத் தேடினார். பிறகு மடித்து உள்ளே வைத்துவிட்டு என் தலையில் கை வைத்தார்.

அண்ணா, இதை அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவுக்கு இடது முழங்கால் இன்னும் சரியாக மடங்காது. உன் வீட்டு வாசலில் படி இருந்தால், அவர் இறங்கும்போது பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்.

நீ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்று எழுதமாட்டேன். அதை நான் பார்க்கவில்லை. எனக்குக் கடிதம் வரவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பஸ்ஸில் இரண்டு இடம் பதிவு செய்திருக்கிறார்கள்.

வாண்டு