அறுபத்தோரு படிக்கு ஒரு கைப்பிடி

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலை ஆறரை. பனிமூட்டம். ஜன்னலைத் திறந்தால் கண்டி இல்லை. எதிர்மலையும் இல்லை. வெள்ளை மட்டும். அதற்கு அடியில் எங்கோ பஸ் ஹோர்ன்கள்.

இவர் கதிரையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேட்கிறார். "இது கலகெதர பஸ். பழைய டிரைவர். ரெண்டு தரம் அடிச்சுட்டு நிறுத்திருவான்." பஸ் ஸ்டான்டில் இருபத்தெட்டு வருடம் டைம்கீப்பராக இருந்தவரின் காது.

மார்ச் மழையில் எங்கள் படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. ஏழு மாதம். இனி வெளியே நடக்கலாம் என்று டொக்டர் சொல்லியே இரண்டு மாதம். கைத்தடியோடு வீட்டுக்குள் நன்றாகத்தான் நடக்கிறார். கேட் வரை வருவார். கீழே பார்ப்பார். திரும்பிவிடுவார். ரோட்டுக்கு அறுபத்தோரு படி. செங்குத்து. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

வாங்க: பருப்பு, இவர் மாத்திரை, சவர்க்காரம். குடை தைக்கக் கொடுக்க.

ஒக்டோபர் 8, புதன்

தெல்தெனியவிலிருந்து ரவி போன். இவர் தம்பி. "அண்ணி, நம்ம பக்கத்து வீடு காலியாகுது. ஒரு படி கூட இல்ல. தீபாவளிக்கு முந்தி வந்துருங்க. வார புதனுக்குள்ள முடிவு சொல்லணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வாயெடுப்பதற்குள் இவர் போனை வாங்கிவிட்டார். "வர்றோம்டா."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போட்டேன். மழை.

ஒக்டோபர் 9, வியாழன்

பஸ் அரை மணி நேரம் ஒரே இடத்தில். கறுப்புப் புகை. மூச்சு விட இடமில்லாத பஸ்ஸில் கொண்டக்டர், "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று இன்னும் முன்னுக்குப் போகச் சொல்கிறான். இந்த ஊரை விட்டுப் போக எனக்கு ஏன் மனம் வரவில்லை?

மார்க்கட் வாசலில் அன்னாசி வெட்டும் வாசம். நாலு மணி மழைக்கு முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் ஒரே கடைக்கூரையின் கீழ் தோளோடு தோள் நிற்பது. இருட்டும்போது மலைச்சரிவில் ஒவ்வொரு வீடாக லைட் எரிவது. தெல்தெனியவிலும் மழை பெய்யும், லைட் எரியும். தெரியும்.

கந்தோரில் மத்தியானம் மேசையில் கண் அயர்ந்தேன். படிகள் எல்லாம் மெதுவாகச் சாய்ந்து, பாய் மாதிரி தட்டையாக விரிந்தன. இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதன்மேல் விறுவிறுவென்று போகிறார். கூப்பிட்டேன். கேட்கவில்லை.

எழுந்து பார்த்தால், டைப் செய்த கடிதத்தில் 'பிரதி' என்பதற்கு 'படி' என்று அடித்திருக்கிறேன். யாரும் பிழை சொல்லவில்லை. அதுவும் சரிதானே.

ஒக்டோபர் 10, வெள்ளி

அரை நாள் லீவு. படியடியில் இரும்புக்கடை வைத்திருக்கும் நிஸாம் நானா, ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும்வரை காத்திருந்தேன்.

"நானா, படிக்கு ஒரு கைப்பிடி போடணும்."

"நானும் அதத்தான் யோசிச்சிக்கொண்டு ஈக்கிறன் தங்கச்சி. அவர் எறங்கி வந்தாத்தானே எனக்கும் பேச ஆள். பைப் கெடக்கு. ஞாயித்துக்கெழம வெல்டிங் நான் பாக்கிறன். ஆனா நடுவுல இந்திராணி மிஸ்ஸிட சுவர். அவங்கள்ட கேளுங்கொ."

இந்திராணி மிஸ், முப்பதாம் படி வீட்டில் தனியாக இருக்கும் சிங்கள டீச்சர். பென்ஷன். நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசுவார். "இப்பதானே பெயின்ட் பண்ணினது. ஓட்டை போட்டா தண்ணி உள்ள வரும். வேணாம், மல்லிகா."

கதவை மெதுவாகச் சாத்தினார். படீரென்று சாத்தியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

ஒக்டோபர் 11, சனி

பேக்கரியில் பாண் வாங்க இறங்கினேன். ஆறு மணிப் பனி. முன்னால் இந்திராணி மிஸ். இடது கை சுவரிலேயே இருக்கிறது. கால் ஒவ்வொரு படியையும் தடவித் தேடுகிறது. என் செருப்புச் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட்டார்.

புது மஞ்சள் பெயின்டில், கை உயரத்துக்கு, சுவர் முழுக்க ஒரு நீள அழுக்குக் கோடு. இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் போனேன்?

அவரே சொன்னார். "அவர் விழுந்த நாள் நான் ஜன்னல்ல நின்னேன். அன்னைக்கு இருந்து எனக்கும் பயம்." பிறகு, "நாளைக்கு ஓட்டை போட எத்தன மணிக்கு வருவாங்க?"

ஒக்டோபர் 12, ஞாயிறு

காலை முழுக்க துளைபோடும் சத்தம். நிஸாம் நானா சேர்ட் முழுக்கச் சிமெந்துத் தூள். இந்திராணி மிஸ் எல்லாருக்கும் பிளேன்டீ, கருப்பட்டித் துண்டு.

இவர் வெளியே வரவில்லை. "போகப்போற ஊருல எதுக்கு இது?"

"போறவங்க போங்க. படி இங்கதான இருக்கும்."

சொல்லிவிட்டுப் படியில் இறங்கினேன். பின்னேரம் மழை. பைப் நெடுகத் துளிகள் வரிசையாகத் தொங்கின. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒக்டோபர் 13, திங்கள்

கேட்டைத் திறந்தார். மூன்று படி. திரும்பினார். "பைப் குளிருது."

மாத்திரை மறந்துவிட்டேன். நாளைக்கு.

ஒக்டோபர் 15, புதன்

ஐந்து மணிக்கு வீடு. கதவு பூட்டு. சாவி பூச்சட்டிக்குள். உள்ளே மேசையில் இவர் போன். கைத்தடி இல்லை.

ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டே கீழே ஓடினேன். நிஸாம் நானா எதிர்ப்பக்க சலூனை நாடியால் காட்டினார். ரோட்டைக் கடந்திருக்கிறார்! தனியாக!

முகம் நிறைய நுரை. கதிரையில் அப்படியே நித்திரை. சலூன்காரர் வாயில் விரல் வைத்துச் சத்தம் போடாதே என்றார். வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். ஃபேன் சுற்றியது. வெளியே பஸ்கள் தண்ணீருக்கடியில் போவது போல் போயின.

விழித்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நிஸாம் நானாட போன்ல ரவிகிட்ட பேசிட்டேன்."

"என்னன்னு?"

"வரல்லன்னு." நுரையைத் துடைக்கும்வரை பொறுத்தார். "அன்னைக்கு ஒன்கிட்ட கேட்டிருக்கணும், மல்லிகா."

படியடியில் நின்றுவிட்டார். "நீ முன்னால போ. நீ பயந்துகிட்டே பின்னால வந்தா எனக்கும் பயம் வரும்."

முன்னால் ஏறினேன். பின்னால் தடி, பைப்பில் மோதிரம். தடி, மோதிரம். பாதியில் சத்தம் நின்றது. திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு இந்திராணி மிஸ் குரல். இவர் சிரிப்பு.

சோறு வைத்தாயிற்று. இன்னும் மேலே வரவில்லை. பேச்சு மட்டும் கேட்கிறது.